மேல்தட்டில் ராஜாக்கள், கீழ்த்தட்டில் இனியன்

நவம்பர் 4, திங்கள்

இன்று காலை, இட்லித் தட்டுக்குப் பக்கத்தில், இவர் எனக்கு ஒரு ராஜாவைக் காட்டினார். ருமேனியா நாட்டு நோட்டாம். முதல் உலக யுத்தத்தில் காசு அடிக்க உலோகம் கிடைக்காமல் தாளில் அடித்துக் கொடுத்தார்களாம். தபால்தலை அளவுதான். அதற்குள் தாடி வைத்த ஒரு ராஜா. நேற்றுச் சேகரிப்பாளர் கூட்டத்தில் யாரிடமோ வாங்கி வந்திருக்கிறார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெர்னியர் அளவுகோலை எடுத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்துவிட்டு, மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

ராஜாவின் நெற்றியில் பழுப்பாக ஒரு கறை. மூட்டைப்பூச்சியை நசுக்கிய மாதிரி.

"இதென்னங்க?"

"எச்சிலா இருக்கும். அந்தக் காலத்துல நாக்குல வெரலத் தொட்டுத்தான எண்ணுவாங்க."

"நூறு வருசத்து எச்சிலையா சாப்பிடற எடத்துல கொண்டு வந்து வெக்கறீங்க?"

"நூறு வருசத்துல காஞ்சிருக்கும், பயப்படாத" என்று சிரித்தார். அதே விரலால் இனியன் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கு இட்லி இறங்கவில்லை.

எழுதி வைத்தால் தலை கொஞ்சம் லேசாகிறது என்பதால் எழுதுகிறேன். இனியனுக்குப் பத்து மாதம். அவன் தூங்கிய பிறகுதான் இந்த நோட்டுப் புத்தகத்தைத் திறக்க முடிகிறது. பிரசவத்துக்குப் பிறகு என் மூக்கு மாறிவிட்டது. முன்பு தெரியாத வாசனையெல்லாம் தெரிகிறது. பால் பாட்டிலின் ரப்பர், மழையில் நனைந்த சாக்கு, இவர் ஆல்பங்கள். ஆல்பங்கள்தான் மோசம். பழைய வியர்வையை மூட்டை கட்டி வைத்த வாசம்.

பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்க்கிறவர், மாதச் சம்பளக்காரர், வேறு கெட்ட பழக்கம் கிடையாது. கல்யாணமாகி மூன்று வருடமாக எல்லோரும் எனக்கு இதைத்தான் சொல்கிறார்கள். இவர் எல்லா நோட்டையும் சேர்ப்பதில்லை. ஒரு விதி வைத்திருக்கிறார்: மடிக்காமல் தீப்பெட்டிக்குள் படுக்க வேண்டும். படுக்காவிட்டால் எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் வாங்க மாட்டார். புதிதாக எது வந்தாலும் முதலில் காலித் தீப்பெட்டியில் படுக்க வைத்துப் பார்ப்பார். குட்டிகள் என்று பெயர். "என்ற குட்டிங்க."

உங்கள் குட்டி அங்கே தொட்டிலில் அழுகிறது என்று ஒருநாள் சொன்னேன். அதற்கும் சிரித்தார்.

நவம்பர் 7, வியாழன்

நான்கு நாளாக மழை. கணபதி பகுதியில் எங்களுக்கு மாடி வீடு, மேற்குச் சுவர் முழுக்க ஓதம். வீட்டில் காய்ந்திருப்பது ஒரே ஒரு சுவர் அலமாரிதான். மேல் இரண்டு தட்டு ஆல்பங்களுக்கு. கீழ்த்தட்டு இனியன் துணிகளுக்கு. இந்தப் பங்கீட்டை யார் செய்தது என்று நினைவில்லை. நான் செய்யவில்லை.

இன்று இனியனைத் துடைக்க வெள்ளைத் துண்டை உதறினேன். ராமபாணப் பூச்சி ஒன்று, வெள்ளி நிறத்தில், மீன் மாதிரி நெளிந்து என் மணிக்கட்டில் ஓடியது. துண்டை வீசிவிட்டேன். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் ஓடிய இடம் ஊர்ந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் இவர் வந்ததும் சொன்னேன்.

"ஏனுங்க, உங்க ஆல்பத்துல இருந்து பூச்சி கீழ எறங்கி வருதுங்க."

"என்ற ஆல்பத்துல பூச்சியே கெடையாது. மாசம் ஒருக்கா ஒவ்வொரு பக்கமாத் தொறந்து காத்து காட்டறேன்."

"அப்ப இனியன் வளத்துனதுங்களா?"

"வளத்தாலும் வளத்திருப்பான். அப்பனாட்ட அவனும் எதையாச்சும் சேக்கோணும்ல."

நான் சிரிக்கவில்லை. அந்தப் பூச்சி எதைத் தின்று கொழுத்தது? எந்தெந்த நாட்டுக்காரன் எச்சிலை? அது என் பிள்ளையின் துண்டில்.

நாளைக் காலை இவர் கம்பெனி வேலையாக ராஜ்கோட் போகிறார். புதன்கிழமைதான் வருவார். துணைக்கு அத்தை, இவர் அம்மா, காங்கேயத்திலிருந்து ஞாயிறன்று வருகிறார்.

நவம்பர் 9, சனி

இன்று ஒரே நாளில் வீட்டைத் தலைகீழாக்கினேன். இனியனைத் தூளியில் போட்டுவிட்டு அவன் துணிகள் அத்தனையையும் வெந்நீரில் அலசினேன். வெயில் இல்லை, ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டே காயவைத்தேன். அலமாரியை டெட்டால் போட்டுத் துடைத்தேன். ஆல்பங்களைத் தொட வேண்டியிருந்தது. கையில் பாலிதீன் பையை மாட்டிக்கொண்டு தொட்டேன்.

முக்குக் கடையில் ரவை, சோப்பு, குழந்தைக்குப் பொட்டுக்கடலை மாவு, அந்துருண்டை இரண்டு பாக்கெட். பழைய ரோஜா நிறத் துப்பட்டாவைக் கிழித்து, ஆறாறு உருண்டையாக முடிச்சுப் போட்டு, துண்டுகளுக்கு நடுவே ஒன்று, பனியன்களுக்கு அடியில் ஒன்று, குல்லாவுக்குள் ஒன்று, கம்பளி மடிப்பில் ஒன்று. மிஞ்சியதை ஆல்பங்களுக்குப் பின்னால் உருட்டிவிட்டேன்.

கதவைச் சாத்தித் திறந்ததும் குப்பென்று அடித்தது. கல்லூரி ஆய்வகத்தின் வாசம். மூன்று வருடத்தில் முதல் முறையாக இந்த வீட்டில் சுத்தமான வாசம். இனி ஒரு பூச்சி இறங்கட்டும், பார்க்கலாம்.

நவம்பர் 10, ஞாயிறு

அத்தை வந்தார். படியேறும்போதே மூக்கைச் சுருக்கினார்.

"என்ன கண்ணு, வீடே ஆஸ்பத்திரியாட்ட இருக்குது?"

"அலமாரில பூச்சிங்க அத்தே."

"எல்லாம் அவன்ற குப்பைனால. ஊரு ஒலகத்துல எவனாச்சும் செல்லாத காசக் கட்டிக் காப்பாத்துவானா?"

இந்த ஒரு விஷயத்தில் நானும் அத்தையும் ஒரே கட்சி.

நவம்பர் 12, செவ்வாய்

இனியன் நேற்றிலிருந்து சரியில்லை. பால் குடிக்கவில்லை. குடித்த கொஞ்சத்தையும் என் மேலேயே கக்கிவிட்டான். புளித்த பாலும் ஈரத் தலைமுடியும் சேர்ந்த நாற்றத்தோடு நாள் முழுக்க இருந்தேன். என் உடம்பே எனக்குப் பிடிக்கவில்லை.

குளிர் தாங்கவில்லை போலிருக்கிறது என்றார் அத்தை. இரண்டு துண்டு சுற்றி, குல்லா மாட்டி, கம்பளியை மூக்குவரை இழுத்துப் போர்த்திவிட்டேன். அசையாமல் கிடந்தான். அசையாமல் கிடக்கிற பிள்ளை இல்லை அவன்.

நவம்பர் 13, புதன், பகல்

இடுப்புத்துணியை மாற்றினேன். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில். வெளுத்தாலும் கறை போகவில்லை.

"சூடு கண்ணு. உச்சில வெளக்கெண்ண வெச்சாச் செரியாயிரும்" என்கிறார் அத்தை. வைத்தோம். எண்ணெய் வழியும் அந்தச் சின்னத் தலையைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

எனக்குத் தெரியும், இது அந்த நோட்டுகளின் வேலை. நூறு வருட எச்சிலில் என்னென்ன இருந்ததோ. தொட்ட கையால் கன்னத்தைக் கிள்ளினாரே. சாயங்காலம் இவர் வரட்டும்.

நவம்பர் 14, வியாழன். ஆஸ்பத்திரி

நேற்று எழுதியதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறு மணிக்கு இவர் ரயிலிலிருந்து நேராக வந்தார். பையை வைக்காமல் வாசலிலேயே நின்று முகர்ந்தார். அலமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இனியனைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து, ஜன்னலுக்குக் கொண்டுபோய், கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"பிருந்தா, கண்ணு மஞ்சளா இருக்குது. ஒதடு வெளுத்துக் கெடக்குது. கெளம்பு."

ஆட்டோவில் வந்தோம். குழந்தைகள் வார்டில் ஒரு டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு வந்தார். ரத்தத்தின் அளவு பாதியாக இறங்கிவிட்டதாம். சிவப்பணுக்கள் உடைந்து மூத்திரத்தில் போகின்றனவாம்.

"பிறந்தப்ப மஞ்சள் காமாலை இருந்துச்சா?"

"லைட்ல வெச்சிருந்தாங்க, நாலு நாள்" என்றேன்.

"இந்த வாரம் புதுசா மாத்திரை, நாட்டு மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"வெளக்கெண்ண மட்டும் வெச்சோமுங்க" என்றார் அத்தை.

டாக்டரம்மா குனிந்து இனியனின் குல்லாவை முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"குழந்தை துணில அந்துருண்டை வெச்சிருக்கீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"நான்தானுங்க டாக்டர். பழைய நோட்டு சேக்கறேன். அதுக்குப் பூச்சி வரக்கூடாதுன்னு ஊருக்குப் போறப்ப அலமாரில போட்டுட்டுப் போனேன். கொழந்தை துணியும் அங்கதான் இருக்குது."

"படிச்சவங்கதான நீங்க? சில குழந்தைகளுக்கு அந்த வாசமே விஷம். மூச்சுலயும் போகும், தோல் வழியாவும் போகும். ரத்தத்தை உடைச்சிரும். ஒரு துணி விடாம எல்லாத்தையும் வீட்ட விட்டு வெளியேத்துங்க."

வராந்தாவில் அத்தை இவர் முதுகில் இரண்டு அடி வைத்தார். முப்பத்து மூன்று வயது மகனை, நர்ஸ்கள் பார்க்க.

"பாவி. செல்லாத காசுக்குப் பாலூத்தி வளத்தயே, பெத்த புள்ளைக்கு வெசம் வெச்சுட்டியேடா."

இவர் தலையைக் குனிந்து நின்றார்.

நான் என்ன சொல்ல வாயைத் திறந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

நாப்தலீன். பத்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

ரத்தம் ஏற்றினார்கள். பை என் உள்ளங்கையை விடச் சிறியது. யாரோ ஒருவருடைய ரத்தம். யார், எப்படிப்பட்டவர், சுத்தமானவரா என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. இன்னும் வேகமாக இறங்கக் கூடாதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 16, சனி

இனியன் இன்று என் விரலைப் பிடித்து இழுத்தான். பால் குடித்தான். கண்ணில் மஞ்சள் குறைந்திருக்கிறது.

இவர் நேற்று வீட்டுக்குப் போய் அலமாரியைக் காலி செய்து, துடைத்து, ஆல்பங்களை மட்டும் திரும்ப வைத்துவிட்டு வந்தார். துணிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டாராம். புதிதாக நான்கு பனியன் வாங்கித் துவைத்துக் கொண்டுவந்தார். அந்த ரோஜா நிற முடிச்சுகளை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அவசரத்தில் கவனித்திருக்க மாட்டார்.

அவரும் வைத்திருப்பார். ஊருக்குப் போகும் முன் ஆல்பங்களுக்குப் பின்னால் நாலைந்து போட்டிருப்பார். பழைய தாள் சேர்க்கிறவர்கள் எல்லோரும் போடுகிறவர்கள்தானே. சனிக்கிழமை நான் துடைத்தபோது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இல்லாவிட்டால் எதற்கு அப்படிச் சொல்ல வேண்டும்?

யோசித்துப் பார்த்தால் எல்லாமே அந்த நோட்டுகளில்தான் தொடங்குகிறது. நோட்டு இல்லாவிட்டால் பூச்சி இல்லை. பூச்சி இல்லாவிட்டால் உருண்டை இல்லை.

பக்கத்துக் கட்டில்காரப் பெண் சாப்பிடாமல் வைத்த சாம்பார் சாதத்தில் ஈ மொய்க்கிறது. திரும்பி உட்கார்ந்துகொண்டேன். இந்தப் பக்கம் கண்ணாடி ஜன்னலில் என் முகம்.

நவம்பர் 18, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மூன்று மாதம் கழித்து இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்தால்தான் உடம்பில் என்ன குறை என்று உறுதியாகத் தெரியுமாம். அதுவரை எந்த மருந்தும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. அந்துருண்டை வாழ்நாள் முழுக்கக் கூடாது.

அத்தை பையைக்கூடப் பிரிக்காமல் கூடத்தில் நின்று சொன்னார்.

"சங்கரு, அந்தக் கருமாந்தரம் இந்த வீட்டுல இருந்துச்சுன்னா, என்ற பேரனத் தூக்கிட்டு நான் காங்கேயம் போயிருவேன். அவ வந்தா வாரா, வராட்டி இருக்கறா. நீ உன்ற ராஜாக்களோட குடும்பம் நடத்து."

"செரிம்மா. குடுத்தர்றேன்."

"எப்ப?"

"ஞாயித்துக்கெழம. பொள்ளாச்சில ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுட்டு இருக்கறாரு."

மூன்று வருடமாக நான் கெஞ்சிக் கிடைக்காதது ஒரு நிமிடத்தில் நடந்தது. நான் சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்தது. அந்த வாடை இன்னும் போகவில்லை.

நவம்பர் 20, புதன்

அத்தை இன்றும் திட்டினார். காலையில் ஒரு தடவை, இவர் சாப்பிடும்போது ஒரு தடவை. இவர் பாதியில் எழுந்துவிட்டார். நான் தட்டைக் கழுவினேன்.

நவம்பர் 24, ஞாயிறு

பொள்ளாச்சிக்காரர் வந்தார். பெயர் குப்புராஜ், படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார். பெரிய உடம்பு, சின்னக் குரல். சோபாவில் உட்கார்ந்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு முதல் ஆல்பத்தைத் திறந்தார். அத்தை பாயில் இனியனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். சனியன் தொலைகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. நான் டீயோடு நின்றேன்.

குப்புராஜ் இரண்டு பக்கம் திருப்பினார். நின்றார். குனிந்து முகர்ந்தார்.

"ஏனுங்க சங்கர், உருண்டை வாசம் அடிக்குது?"

"கொஞ்ச நாள் உள்ள கெடந்துதுங்க."

"உங்க வீட்டுலயா? அதனால பிளாஸ்டிக் உறையெல்லாம் எளகிப் பிசுபிசுங்குது பாருங்க, நோட்டு ஒட்டிக்கும். யாரு வெச்சா?"

"நான்தானுங்க. மறந்தாப்பல வெச்சுட்டேன்."

குப்புராஜ் சிரித்துவிட்டார். "நீங்களா? போன சித்திரைல என்ற கடைல ரெண்டு உருண்டை கெடந்ததுக்கு, பொறுக்கி வீதில வீசுனீங்க. கூட்டத்துல அரை மணி நேரம் எங்களுக்குக் கிளாஸ் எடுத்தீங்க, நோட்டு சேக்கறவன் ஆயுசுக்கும் உருண்டையத் தொடக்கூடாதுன்னு. பக்கத்தத் தொறந்து காத்து காட்டோணும், அவ்வளவுதான்னு. மறந்து வெச்சாராமா."

இனியனைத் தட்டிக்கொண்டிருந்த அத்தையின் கை நின்றது.

இவர் ஆல்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. நிமிர்ந்தால் என்னைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"வெச்சது நான் அத்தே" என்றேன். "இனியன் துணிக்குள்ள முடிச்சுப் போட்டு வெச்சதும் நான்தான். இவரு ஊர்லயே இல்ல."

இவர், "டீ ஆறுதுங்க, எடுத்துக்கங்க" என்றார் குப்புராஜிடம்.

"அப்பறம் டாக்டரம்மாகிட்ட நீ ஏண்டா அப்பிடிச் சொன்ன?" என்றார் அத்தை.

"யாரு வெச்சா என்னம்மா. உருண்டை வெளிய போகோணும், அதான அன்னிக்கு வேணும். அவளே அரை உசுரா நின்னுட்டு இருந்தா."

அத்தை என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"தெரியாம வெச்சுட்ட, செரி. நானுந்தான் மோந்தேன், எனக்கும் தெரியல. ஆனா பத்து நாளா அவன் சோறு திங்கறப்பெல்லாம் திட்டுனேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டே இருந்தயே கண்ணு."

இதை எழுதும் முன் இந்த நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டிப் படித்தேன். யாருக்காக இத்தனை பொய்களையும் அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன் என்று தெரியவில்லை. வேறு யாரும் படிக்கிற நோட்டு இல்லை இது.

அத்தை இனியனைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க, ஆல்பத்தக் குடுக்கறதில்லீங்க. கோவிச்சுக்காதீங்க. டீயக் குடிச்சுட்டு, இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

குப்புராஜ் சங்கடமாகக் கையை எடுத்தார். இவர் ஆல்பத்தை மூடி அவர் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போங்க."

"அம்மா சொல்றாங்களே."

"எனக்கு வேண்டாமுங்க."

"டேய், அதான் உன்ற மேல தப்பில்லையே" என்றார் அத்தை.

"தப்புக்காக இல்லம்மா." இவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஆஸ்பத்திரில இருந்து வந்தன்னிக்குப் பாக்கலாம்னு ஒருக்காத் தொறந்தேன். அந்த வாசம் வந்துது. இவன் மஞ்சக் கண்ணோட கெடந்தது அப்பிடியே முன்னாடி வந்து நின்னுது. கொமட்டீருச்சு. ஓடிப்போயி வாந்தி எடுத்தேன். இனி என்னால தொட முடியாதும்மா."

ஆறு ஆல்பங்களையும் குப்புராஜ் ஒரு துணிப்பையில் அடுக்கினார். தபால்தலை அளவு ராஜா எந்த ஆல்பத்தில் போனார் என்று நான் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் திரும்பும்வரை இவர் மாடிப்படியில் நின்றார். நான் அலமாரியைத் திறந்து பார்த்தேன். மேல் இரண்டு தட்டும் காலி. நான் கேட்டபடி.

உள்ளே வந்தவருக்குப் புதிதாக டீ போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். மூக்கைச் சுருக்கினார்.

"இதுலயும் அடிக்குது பிருந்தா."

"என்னங்க?"

"உருண்டை வாசம்."

போய்க் குழாயடியில் கொட்டிவிட்டு, வாயைக் கொப்பளித்தார். மிச்சம் இருந்த டீயை நான் பாத்திரத்தோடு எடுத்து முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன். இஞ்சி வாசம்தான் வந்தது.